பூட்டு வைத்த வால்வு

ஜனவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிள்ளைக்குச் சளி பிடித்து இப்போதுதான் விட்டது. அவரும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? அண்ணி இன்னும் தைலம் தேய்த்துவிடுகிறாரா, இல்லை "நீங்களே தேச்சுக்கோங்க" என்று பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டாரா?

லாரிக்கு ஒரு சின்ன சாமான் வேண்டும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சட்டியில் ஒரு பிளக் இருக்கிறதல்லவா, பழைய ஆயிலை இறக்குவதற்குக் கழற்றுவது, அதற்குப் பதிலாக மாட்டுகிற வால்வு ஒன்று வந்திருக்கிறதாம். ஸ்பேனரே வேண்டாமாம். சின்ன லீவர் ஒன்று இருக்கும், திருப்பினால் ஆயில் இறங்கும், திரும்ப வைத்தால் நின்றுவிடும். லாரி ஸ்டாண்டில் யாரோ சொன்னார்களாம். இங்கே கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள். உங்கள் துறைமுகத்துப் பக்கம் ஒரு தெரு முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைதானே.

"மச்சான்கிட்ட சொன்னா பாத்து வாங்கி அனுப்புவார்" என்று அவர்தான் எழுதச் சொன்னார். பார்த்து வாங்க உங்களை விட்டால் ஆள் ஏது. வெங்காயம் வாங்கவே நாலு கடை விசாரிக்கிறவர் நீங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை

பிப்ரவரி 5

அன்புத் தங்கைக்கு,

முதுகு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதை விட்டுப் போகவில்லை. அண்ணி சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் எழுது.

ஒரு சாமானுக்கு எதற்குக் கடிதம், போன் செய்து முடிக்கலாமே என்கிறாள் உன் அண்ணி. போனில் பேசினது காற்றோடு போய்விடும். எழுத்து என்றால் கையில் நிற்கும். நாளைக்கு யாரும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. என்னை வீட்டில் எல்லோரும் சி.ஐ.டி. என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கூப்பிடுங்கள், பரவாயில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதற்கு இந்த வால்வு? லாரி என் பேரில் இருக்கிறது, ஓட்டுவது மாப்பிள்ளை, இரண்டு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது. முன்பு ஒரு மெக்கானிக் அந்தப் பிளக்கைச் சரியாக முறுக்காமல் விட்டு, நடுவழியில் ஆயில் அத்தனையும் கொட்டி எஞ்சின் ஜாம் ஆனதை நீ மறந்திருக்க மாட்டாய். இன்னொரு தடவை அப்படி ஆனால் லாரியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். அன்றிலிருந்து மாப்பிள்ளை அந்தப் பிளக்கை வேறு யாரையும் தொட விட்டதில்லை. தானே படுத்து, தானே கழற்றி, தானே முறுக்குவார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. அப்படிப்பட்ட மனிதருக்குத் திடீரென்று ஸ்பேனர் ஏன் கசக்கிறது?

கடைத்தெருவில் விசாரித்தேன். மூன்று மாதிரி இருக்கிறது. ஒன்று வெறும் லீவர், விரலால் தட்டினாலே திறக்கும். இரண்டாவது, ரப்பர் குழாய் மாட்டுகிற மாதிரி மூக்கு நீட்டிக்கொண்டிருப்பது. அது கீழே தொங்கும், கல் பட்டால் போச்சு. மூன்றாவதில் லீவரின் மேல் பூட்டு கிளிப் ஒன்று இருக்கிறது. கிளிப்பை ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு மறுகையால் திருப்ப வேண்டும். எது வேண்டும், ஏன் வேண்டும் என்று விவரமாக எழுது.

அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். பிள்ளைக்கு ஒரு பல் விழுந்துவிட்டது, சிரித்தால் நீங்கள் பார்க்க வேண்டும். அண்ணிக்கு மூட்டு வலி என்று போனில் சொன்னார், இப்போது தேவலையா?

உங்கள் விசாரணைக் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல அவர்தான் பிரித்துச் சத்தமாக வாசித்தார், சி.ஐ.டி. என்று வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்பேனர் கசக்கவில்லையாம். பிளக்கைக் கழற்றும்போது சூடான ஆயில் கையில் கொட்டுகிறது, பிளக் நழுவி ஆயிலுக்குள்ளேயே விழுகிறது, அதைத் துழாவி எடுக்க வேண்டியிருக்கிறது, இந்த அவஸ்தை எதற்கு என்றுதான் கேட்கிறாராம். நேரமும் மிச்சம்.

முதல் மாதிரியே போதும். பூட்டு கிளிப் வேண்டாம். லீவர் வண்டியின் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், படுக்காமல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாலே கை எட்டுகிற மாதிரி. ஒரே கையால் திறக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

சீக்கிரம் அனுப்பினால் நல்லது. ஆயில் மாற்ற வேண்டிய கெடு நெருங்குகிறது.

அன்புத் தங்கை

மார்ச் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இம்முறை நேராக உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் சுகம் என்று தங்கை எழுதியிருந்தாள், சந்தோஷம். பொக்கைவாய்ப் பிள்ளைக்கு என் முத்தம்.

பூட்டு வேண்டாம் என்கிறீர்கள். வெளியிலிருந்தே கை எட்ட வேண்டும் என்கிறீர்கள். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில், போகிற வருகிற எவனும் குந்தி உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் ஆயில் தரையில். இது உங்களுக்குத் தோன்றவில்லையா? பூட்டு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், உள்ளே எதையோ எடுக்கப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். தப்பாக நினைக்க வேண்டாம், என் புத்தி அப்படி. நல்ல ஆயிலை இறக்கி விற்றுவிட்டு மட்டமான ஆயிலை ஊற்றுகிற டிரைவர்களை இந்தத் துறைமுகத்தில் நான் தினமும் பார்க்கிறேன்.

சரி, வாங்கி அனுப்புகிறேன். அதற்குப் பிளக்கின் திருகு மரையின் அளவு சரியாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒழுகும். அதனால் ஆயில் சட்டியில் இருக்கிற பிளக்கையே கழற்றி எனக்கு அனுப்புங்கள். அதுவரைக்கும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு பிளக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கழற்றின பிளக்கைத் துடைக்க வேண்டாம், அப்படியே காகிதத்தில் சுற்றி அனுப்புங்கள்.

மச்சான்

மார்ச் 25

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஆசியில் நான் கல்லு மாதிரி இருக்கிறேன். அக்காவின் மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களே கொடுத்தால் இன்னும் விசேஷம்.

பிளக் கேட்டிருந்தீர்கள், இதோ அனுப்பியிருக்கிறேன். சுடச்சுடக் கழற்றினது. சட்டிக்கு வேறு ஒன்று மாட்டிவிட்டேன். அளவு பார்த்துச் சட்டென்று வால்வை அனுப்புங்கள்.

பூட்டு பற்றிக் கேட்டீர்கள். மச்சான், இந்த ஸ்டாண்டில் என் வண்டியைத் தொட எவனுக்கும் தைரியம் இல்லை. ஆயிலை விற்கிறானா என்று என்னைக் கேட்கிறீர்கள். நம்ம ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இதை வேறு யாராவது கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். நீங்கள் என்பதால் சிரித்துவிட்டேன். உங்களுக்குக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேலேயே சந்தேகம் வந்த கதையை இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் செருப்பைக் காணோம் என்று என் காலையே குனிந்து பார்த்தீர்களே, அதுதான்.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகம் பற்றி இனி எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

இந்தக் கடிதத்தையும் மாப்பிள்ளைதான் வாசிப்பார் என்று தெரியும். வாசிக்கட்டும். அவர் அனுப்பின பிளக் நம் லாரியுடையது இல்லை. எஞ்சின் ஜாம் ஆகி வேலை பார்த்தபோது, நுனியில் காந்தம் வைத்த பிளக்காக இரண்டு வாங்கினேன். ஒன்றை நானே முறுக்கினேன். ஜோடி இதோ என் மேசையில் இருக்கிறது. எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கி ஒன்றை வைத்துக்கொள்வது என் வழக்கம். அளவு எனக்கு முன்பே தெரியும். நான் பிளக்கைக் கேட்டதே, காந்தத்தில் எவ்வளவு இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கத்தான். தூள் அடர்த்தியாக இருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை என்று அர்த்தம். வந்த பிளக்கில் காந்தமே இல்லை. மரையும் வேறு. நம் சட்டியில் அது இரண்டு சுற்றுக்கூட ஏறாது.

சுடச்சுடக் கழற்றினதாம். எந்த வண்டியிலிருந்து? நம் லாரி இருக்கிறதா, இல்லை கைமாறிவிட்டதா?

இன்னொன்று. போன வாரம் லோடு இறக்க வந்த ஒரு டிரைவர், உங்கள் ஸ்டாண்டுக்காரர், "உங்க தங்கச்சி இப்ப எந்நேரமும் வண்டியிலதான் போறாங்க, புருஷனை ஒரு நிமிஷம் தனியா விடறதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு லோடுக்குப் போகிற அளவுக்கு என்ன அவசரம்? நீ யாரைக் காவல் காக்கிறாய்? போகிற வழியில் மாப்பிள்ளைக்கு வேறு ஏதாவது வீடு இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் எழுது. உனக்கு ஒன்று என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அண்ணன்

மே 11

தங்கைக்கு,

சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்தும் இல்லை, போனை எடுத்தால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் அண்ணி பயப்படுகிறாள். நான் பயப்படவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இந்த மாதக் கடைசிக்குள் உண்மை வராவிட்டால், லோடு கொடுக்கிற ஏஜெண்டுக்கு எழுதி லோடை நிறுத்தச் சொல்வேன். லாரியை விற்றுவிடுவேன். மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டு.

அண்ணன்

மே 19

அண்ணா,

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதீர்கள். வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் அவர்தான் பிரிப்பார். கிடங்கில் லோடு இறங்குகிறது, அவர் ரசீது வாங்கப் போயிருக்கிறார். வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லாரி எங்கேயும் போகவில்லை. வேறு வீடும் இல்லை. அந்த அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியம் இருந்தால் நான் இப்படி அலைய மாட்டேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் சுகமா சுகமா என்று கேட்டீர்கள். சுகம் என்று எழுதினேன். அதை மட்டும் நீங்கள் சந்தேகப்படவே இல்லை.

போன வருடக் கடைசியில் லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். இடது தோளில் அடி. எலும்பு முறியவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கை விரல்கள் எதையும் பிடிக்காமல் போய்விட்டன. டம்ளரைக் கொடுத்தால் நழுவுகிறது. நரம்பில் அடி, சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகும், வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் கேட்கவில்லை. "கை போச்சுன்னு தெரிஞ்சா ஏஜெண்ட் லோடு தரமாட்டான். மச்சான் வேற ஆளைப் போடுவார். அப்புறம் நான் வீட்டுல உக்காந்து என்ன செய்யறது, உன் முகத்தைப் பாத்துக்கிட்டா?" என்கிறார்.

அதனால் நான் கூடப் போகிறேன். ஸ்டீயரிங்கை வலது கையால் சமாளித்துவிடுகிறார். கியர் இடது பக்கம். அவர் க்ளட்சை மிதித்துத் தலையை ஆட்டுவார், நான் கியரைத் தள்ளுவேன். ஸ்டாண்டில் எல்லோரும் புருஷனைக் காவல் காக்கிறாள் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிளக்கைக் கழற்ற ஸ்பேனரை ஒரு கையால் அதன் தலையில் அழுத்திப் பிடித்து மறுகையால் இழுக்க வேண்டும். ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து ஸ்பேனர் வழுக்கி, பிளக்கின் தலை மழுங்கிவிட்டது. நான் கழற்றுகிறேன் என்றால் விட மாட்டேன் என்கிறார். "நீ வண்டிக்கு அடியில படுத்தா, ஏன்னு கேப்பானுங்க" என்கிறார். மெக்கானிக்கிடம் விட்டாலும் ஏன் என்றுதான் கேட்பார்கள், இத்தனை நாள் யாரையும் தொட விடாதவராயிற்றே. புது வால்வு, மச்சான் அனுப்பினது என்றால் ஒரே ஒரு தடவை மெக்கானிக்கிடம் மாட்டக் கொடுக்கலாம், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது, அப்புறம் ஸ்பேனரே வேண்டாம். அதற்குத்தான் அண்ணா அந்த வால்வு. அதற்குத்தான் ஒரு கை.

நீங்கள் பிளக் கேட்டதும் மறுபடியும் அடியில் போய்ப் படுத்தார். ரொம்ப நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தால், ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தார். அப்புறம் ஒர்க்‌ஷாப் பழைய சாமான் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துவந்து, "எல்லா பிளக்கும் ஒண்ணுதான், சி.ஐ.டி.க்கு என்ன தெரியப்போகுது" என்றார்.

ஆயில் மாற்றவில்லை. கெடு தாண்டி ஓடுகிறது. எஞ்சின் போய்விடுமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. போன வாரம் மேட்டில் ஏறும்போது நான் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டேன். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு வேன், உள்ளே ஆட்கள். எப்படியோ பிரேக் பிடித்து வண்டி நின்றது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மேட்டுக்குத் தலையை ஆட்டினார்.

நிறுத்தச் சொல்லி நான் அழுதும் பார்த்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அவர் உடைந்துபோவார், அதுவும் கூடாது. எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் ஏதாவது செய்யுங்கள்.

அவர் வருகிறார்.

ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தில் நான் நலம் விசாரிக்கப் போவதில்லை.

வேறு வண்டியின் பிளக்கை அனுப்பி என்னை முட்டாளாக்கப் பார்த்தீர்கள். ஏன் என்று இனிமேல் நான் கேட்க மாட்டேன். சொன்னாலும் நம்ப மாட்டேன். என் பேரில் இருக்கிற லாரியை நான் நம்பாத ஒருவர் ஓட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுக்கட்டும். எடுக்கிற வரைக்கும் வண்டி நிற்கட்டும், அந்த நஷ்டம் என்னுடையது, வீட்டுச் செலவுக்கு நான் அனுப்புகிறேன். அதன் பிறகு அவள்தான் ஓட்ட வேண்டும். வேறு டிரைவரைப் போடலாம் என்றால், அவர்கள் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வழி உங்களுக்குத் தெரியும், லோடு பேசவும் தெரியும், நீங்கள் இடது பக்கம் உட்கார்ந்து அதைச் செய்தால் போதும். ஸ்டாண்டில் யாராவது கேட்டால், என் மச்சான் ஒரு சந்தேகப் பேர்வழி, சொந்த மாப்பிள்ளையை நம்பாமல் சாவியைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டான் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஏஜெண்டுக்கு நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பார்சலில் வால்வு இருக்கிறது. பூட்டு கிளிப் உள்ளதைத்தான் வாங்கினேன். இரண்டு கை போட்டுத்தான் திறக்க வேண்டும், கல் பட்டாலும் தானாகத் திறக்காது. பழைய பிளக்கைத் தங்கைதான் தன் கையால் கழற்ற வேண்டும், நீங்கள் தொடக் கூடாது. உங்கள் ஸ்பேனர்களையும் நான் நம்பவில்லை. அதனால் இறுக்கமான சாக்கெட் ஒன்றும், அதன் கைப்பிடியில் மாட்டுகிற நீளமான பைப்பும் வைத்திருக்கிறேன். பிளக்கின் தலை எந்த நிலையில் இருந்தாலும் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கவ்விக்கொள்ளும். பைப்பைக் காலால் மிதித்தாலே போதும், கழன்றுவிடும். கழற்றின பிளக்கை எனக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தடவை ஜோடி சேருகிறதா என்று பார்ப்பேன்.

இதில் எது நடக்காவிட்டாலும் லாரியை விற்றுவிடுவேன்.

லாரி உரிமையாளர்

ஆகஸ்ட் 2

அண்ணா,

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும். நான் சுகம். அவருக்குக் கை அப்படியேதான் இருக்கிறது, வெந்நீரில் வைத்து விரலை நீவிவிடுகிறேன். உங்கள் முதுகு, அண்ணியின் மூட்டு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போலச் சத்தமாகத்தான் வாசிக்க ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றுவிட்டது. "மீதிய நீயே படிச்சுக்கோ" என்று என்னிடம் நீட்டினார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் படித்தேன். இடது பக்கம் உட்காரலாம் என்கிற இடத்துக்கு வந்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பழைய பிளக் கழன்றுவிட்டது. பைப்பின் மேல் ஏறி நின்றேன், என் மொத்த எடையையும் வைத்து. டக் என்று ஒரு சத்தம், எஞ்சினே உடைந்துவிட்டது என்று பயந்துபோனேன். கூழ் மாதிரி கறுப்பாக இறங்கியது ஆயில். அவர் தள்ளி நின்று, "வாஷரைப் போடு, கோணலா ஏத்தாத, முதல்ல கையால திருகு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வால்வு ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிளிப்பைத் தூக்கி லீவரைத் திருப்பிப் பார்த்தபோது, அவர் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரைவிங் பழகுகிறேன். கியர் ஏற்கெனவே கை வந்ததால் சொல்லிக்கொடுப்பவர் ஆச்சரியப்படுகிறார். ஸ்டாண்டில் எல்லோரும் இவர் பக்கம். "பொண்டாட்டி வீட்டு ஆளுங்களே இப்படித்தான்" என்று உங்களைத் திட்டிக்கொண்டு இவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். கையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆனால் அவர் உங்கள் பேரை எடுப்பதில்லை. மச்சான் என்ற வார்த்தையே வீட்டில் இல்லை. ஆல்பத்திலிருந்து நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற போட்டோவை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடட்டுமா, அண்ணா? சொன்னால் கோபம் போய்விடும். ஆனால் தன் கையைப் பார்த்து நீங்கள் பரிதாபப்பட்டீர்கள் என்று தெரிந்துவிடும். எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன். ஆனால் அவர் கண்ணில் படாமல் எப்படிச் சொல்வீர்கள் என்றுதான் தெரியவில்லை.

தங்கை

செப்டம்பர் 14

லாரி உரிமையாளர் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலம் பற்றி எழுத வேண்டியதில்லை.

உங்கள் உத்தரவுப்படி எல்லாம் நடந்துவிட்டது. உங்கள் தங்கைக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை தன் முதல் லோடை எடுத்தாள். மேடு, வளைவு, பின்னால் எடுத்து நிறுத்துவது எல்லாம் நன்றாகச் செய்கிறாள். நல்லதை மறைக்கிறவன் இல்லை நான். ஆயில் மாற்றின விவரமும், கழற்றின பிளக்கும் இத்துடன் இருக்கின்றன. காந்தத்தில் தூள் அடர்த்தியாகத்தான் ஒட்டியிருக்கிறது. துடைக்காமல் அனுப்பியிருக்கிறேன். வால்வு ஒழுகவில்லை. ஏதாவது வாஷர் மாற்ற வேண்டுமா, எத்தனை தடவைக்கு ஒரு தடவை என்று எழுதவும்.

வேறு பிளக்கை அனுப்பினது தப்புதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை உங்களிடம் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஸ்டாண்டில் என்னைக் கேட்கிறார்கள், நான் சிரித்துக்கொண்டே உங்களைக் குறை சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வரவில்லை. உங்களை நான் கூடப் பிறந்தவராக நினைத்திருந்தேன். ஒரே ஒரு கேள்வி. இத்தனை வருடத்தில் உங்களிடமிருந்து நான் என்ன திருடினேன்?

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

அக்டோபர் 3

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பிளக் கிடைத்தது. மேசையில் இருந்ததோடு ஜோடி சேர்ந்துவிட்டது.

வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டியதில்லை. வால்வைக் கழற்றினால் மட்டும் புதுசு போட வேண்டும், நாலைந்து அனுப்பியிருக்கிறேன். கிளிப்பில் சேறு படிந்தால் இறுகிவிடும், மழை நாளில் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்கினால் அடியில் தங்காது.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நீங்கள் ஒன்றும் திருடவில்லை.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இனியும் தீராது. தங்கை ஏதாவது சமாதானம் சொல்ல வந்தால், எதுவும் சொல்ல வேண்டாம் என்று நான் எழுதியிருப்பதாக அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். சாவி அவளிடமே இருக்கட்டும்.

லாரி உரிமையாளர்